பலகைக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாமல் போனதற்கு எத்தனை பேர் திட்டினீர்களோ தெரியாது. உள்ளே ஒன்றுமே இல்லை. அதுதான் விஷயம்.

பட்டாளத்தாரின் ராணுவ உடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பாச்சை உருண்டைகளும் மஞ்சளாகிப் போன ஒரு செய்தித்தாளும் கிடந்தன. அந்தச் செய்தித்தாளை எடுத்து உதறி, திருப்பி, மறுபடி உதறினாள் பட்டாளத்தம்மா. உடுப்பு அதற்குள் மடங்கிக் கிடக்கிற மாதிரி.

பட்டாளத்தார் போய் ஒரு மாதம் ஆகிறது. இன்று சாயங்காலம் மார்க்கெட் மண்டபத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். வியாபாரிகள் சங்கமும் முன்னாள் ராணுவத்தினர் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. மேடையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் அந்த உடுப்பை மாட்டி வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"நல்லாத் தேடுங்க அண்ணி. எங்க அண்ணன் உயிரா வச்சிருந்த உடுப்பு" என்றாள் நாத்தனார், கட்டிலில் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல்.

"உங்க அண்ணன் உயிராத்தான் வச்சிருந்தாரு. என்னைத் தொடவே விடல. துவைக்கிறது அவரு, இஸ்திரி போடுறது அவரு, மடிக்கிறது அவரு. இதுல நான் எங்கேயிருந்து கண்டேன்?"

"பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு உடுப்பு வீட்டை விட்டு நடந்து போயிடுமா?"

பட்டாளத்தம்மா பெட்டியைப் படாரென்று மூடினாள். பெட்டிதான் பாவம்.

பட்டாளத்தார் என்ற பெயரைக் கடைத்தெருதான் வைத்தது. மீசை முளைத்த வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். அங்கே வண்டிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு, காதோரம் நரைக்க ஆரம்பித்தபோது திரும்பி வந்து மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவி எடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து மறுபடி ஓடவிடுகிற தொழில். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் மறுபடி கருகும். அதனால் சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். பேசாதே, எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

மத்தியானச் சாப்பாடு கொண்டு போகும் பட்டாளத்தம்மாவுக்கும் அந்தக் கைதான் கிடைக்கும். தூக்குவாளியை வைத்துவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தாலும் அவர் வாய் திறப்பதில்லை. சரி, இன்னும் எண்ணி முடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தே அவள் இத்தனை வருடத்தையும் ஓட்டிவிட்டாள்.

அவளுக்கு அதில் பெரிய குறை இருந்ததில்லை. ஏனென்றால் அவர் எல்லாரிடமும் அப்படித்தான் என்று நம்பியிருந்தாள். குடிதண்ணீர் பம்பு நின்றுபோய் ஊரே பானையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதும் பேசாமல் வருவார், பேசாமல் பிரிப்பார், பேசாமல் ஓடவைத்துவிட்டுப் போவார். ஊமைச்சாமி என்று சிரிப்பார்கள். ஊருக்கே பஞ்சம் என்றால் வீட்டில் மட்டும் விருந்தா நடக்கும்? அந்த நம்பிக்கையில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதிக்குத்தான் இன்று காலையிலேயே வேட்டு வைக்க வந்து சேர்ந்தார் பெயின்ட் கடைக்காரர். அவர்தான் வியாபாரிகள் சங்கச் செயலாளர்.

"எல்லா ஏற்பாடும் முடிஞ்சதும்மா" என்றார், நாற்காலி நுனியில் உட்கார்ந்து. "முதல்ல அவரோட ராணுவ நண்பர் பேசுவார். அப்புறம் பால் பண்ணைக்காரர். கடைசியா நம்ம டெய்லரம்மா."

பட்டாளத்தம்மா டீ கிளாஸை நீட்டியவள் அப்படியே நின்றாள். "டெய்லரா? எந்த டெய்லர்?"

"பக்கத்துக் கடைதாம்மா. பட்டாளத்தார் கடைக்கும் அவங்க கடைக்கும் நடுவுல ஒரு பலகைதானே."

"அவ எதுக்குப் பேசணும்?"

"அவங்களுக்குத்தாம்மா அவரைப் பத்தி எல்லாம் தெரியும். நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பாங்கல்ல ரெண்டு பேரும்."

"யாரு ரெண்டு பேரும்?"

"டெய்லரம்மாவும் நம்ம பட்டாளத்தாரும்."

"எங்க வீட்டுக்காரரா? பேசிக்கிட்டா?"

"ஆமா. அவரு பேச, அவங்க சிரிக்க..." என்று சொல்லிக்கொண்டே போனவர், பட்டாளத்தம்மாவின் முகத்தைப் பார்த்து அவசரமாக டீயை வாங்கிக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"அப்ப நான்?" என்றாள் பட்டாளத்தம்மா.

"நீங்க முன்வரிசையில வந்து உக்காந்தா போதும்மா. உங்களைச் சிரமப்படுத்த வேணாம்னுதான்..."

அவர் படி இறங்கும் வரைக்கும்தான் நாத்தனாரால் பொறுக்க முடிந்தது.

"சின்ன வயசுல எங்க அண்ணன் சரியான வாயாடி, தெரியுமா அண்ணி? உங்களைக் கட்டினப்புறம்தான் ஊமையாப் போனாரு."

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். நாத்தனார் குடம் குடமாக ஊற்றுகிறவள்.

பட்டாளத்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். எத்தனை நாளாக இந்தக் கூட்டத்துக்குக் காத்திருந்தாள்! யாரும் கேட்காவிட்டாலும் மேடை ஏறி இரண்டு வார்த்தை பேசியே தீரவேண்டும் என்றுதானே மனதில் வைத்திருந்தாள். பேசிப் பார்க்கலாம் என்று தொண்டையைச் செருமினாள்.

"அவர் ரொம்ப நல்லவர். சாப்பாட்டுல உப்புக் குறைஞ்சாக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை ஆரம்பித்தாள். அதே உப்பில் வந்து நின்றது. இத்தனை வருடம் கூட வாழ்ந்ததற்கு மிச்சம் உப்புதானா? அந்தத் தையல்காரியோ மேடையில் நின்று மணிக்கணக்காக எடுத்து விடுவாள். அவர் இதைச் சொன்னார், அதைச் சொன்னார் என்று. ஊர் முழுக்க வாயைப் பிளந்து கேட்கும். முன்வரிசையில் பொண்டாட்டி பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நினைக்க நினைக்க அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. பொறாமைதான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்குக் கிடையாது, அவளும் தேடவில்லை.

கதவைத் தட்டிவிட்டு மகள் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. ஊசி குத்துவதற்கு முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாளோ அப்படி வைத்திருந்தாள்.

"அம்மா, உடுப்பு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். டெய்லர் அத்தைகிட்ட இருக்கு."

"அத்தையா? எப்ப இருந்துடி அத்தை?"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாம்மா கூப்பிடுறேன். அப்பா கடைக்குப் போனா அங்கேதானே உக்காந்து பாடம் படிப்பேன்."

"அவகிட்ட எதுக்கு உடுப்பு போச்சு?"

"வருஷா வருஷம் போகும். முன்னாள் ராணுவத்தார் அணிவகுப்புக்கு முன்னாடி அப்பா குடுப்பார்."

"அதான் எதுக்குன்னு கேக்கிறேன்."

மகள் தரையைப் பார்த்தாள். "நீ அவங்களையே கேட்டுக்கோ."

ஆக, மகளுக்கும் தெரியும். பலகைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்பக்கம் எல்லாருக்கும் தெரியும். கட்டினவள் ஒருத்தியைத் தவிர! பட்டாளத்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நாத்தனார் "நானும் வரேன் அண்ணி" என்று எழுந்தாள். "நீ வந்தா அப்புறம் நான் போலீஸுக்குத்தான் போகவேண்டியிருக்கும், உக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மார்க்கெட்டின் வடக்கு ஓரத்தில் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சைக்கிள் கடை, கண்ணாடிக் கடை, பூட்டிக் கிடக்கும் பட்டாளத்தார் கடை, அதற்கு அடுத்தது தையல் கடை. கணவனின் கடைக் கதவைத் தாண்டும்போது வார்னிஷ் வாசனை வந்தது. அவர் சட்டையில், தலையணையில் எல்லாம் இருந்த வாசனை. ஒரு கணம் கால் தயங்கியது. தயங்கினால் அழுகை வரும், அழுதுகொண்டே சண்டை போட முடியாது என்று விறுவிறுவென்று அடுத்த கடைக்குள் நுழைந்தாள்.

டெய்லர் பள்ளிக்கூடச் சீருடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு. கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. புருஷன் விட்டுவிட்டுப் போய் வெகுகாலமான தனிக்கட்டை. பட்டாளத்தம்மாவைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"வாங்க அக்கா. நானே கொண்டு வரணும்னு இருந்தேன்."

"என் வீட்டுக்காரர் உடுப்பு."

"இதோ." கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியிலிருந்து எடுத்தாள். துணி உறை போட்டு மாட்டி வைத்திருந்தாள். பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன.

அதை வாங்கிக்கொண்டு திரும்பப் போனவளின் கண்ணில் அப்போதுதான் அது பட்டது. இரண்டு கடைக்கும் நடுவிலிருந்த பலகையில், தையல் இயந்திரத்துக்கு நேராக, ஒரு சதுரம் அறுத்திருந்தது. ஒரு டீ கிளாஸ் தாராளமாகப் போய் வரலாம். அந்தப் பக்கத்தில் பழைய கம்பி பிரிக்கிற மூலை, அதை மறைத்து மோட்டார்கள் அடுக்கிய இரும்பு அலமாரி. அலமாரிக்குப் பின்னால் இருந்ததால் சாப்பாடு கொண்டு போகிறவளுக்கு ஒரு நாளும் தெரியவில்லை.

"இது யாரு அறுத்தது?"

"அவருதான்."

"எதுக்கு?"

"எனக்குக் கண்ணு மங்கி ஊசியில நூல் கோக்க முடியாமப் போச்சு ஒரு சமயம். ஊசியை இந்த வழியா நீட்டுவேன். கோத்துத் திருப்பிக் குடுப்பார்."

எனக்கு ஒரு நாள் கோத்துக் கொடுத்ததில்லையே என்று பட்டாளத்தம்மாவுக்கு ஆங்காரமாக வந்தது. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், அவள் கேட்டதும் இல்லை. பொறாமைக்கு அந்தக் கணக்கெல்லாம் எடுபடாது.

கையிலிருந்த உடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். முதன்முறையாகத் தொட்டுப் பார்க்கிறாள். அக்குளுக்குக் கீழே விரல் பட்ட இடத்தில் துணி வேறு மாதிரி இருந்தது. தூக்கிப் பிடித்தாள். பக்கவாட்டில் அக்குள் முதல் இடுப்பு வரைக்கும் ஒரு பட்டை ஒட்டுத்துணி. அதே நிறம்தான், ஆனாலும் வேறு துணி. மறுபக்கமும் அப்படியே. பொத்தான் இருந்த பழைய ஓட்டைகள் உள்பக்கம் அடைத்திருந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்கே இதை?"

டெய்லர் கண்ணாடியைக் கழற்றினாள். "உடம்பு போட்டுடுச்சுல்ல அக்கா. முதல் ரெண்டு மூணு வருஷம் தையலைப் பிரிச்சு விட்டேன். அப்புறம் விடறதுக்கு உள்ளே துணி இல்ல. ஒட்டுப் போட்டேன்."

பட்டாளத்தம்மாவுக்குத் தலை சுற்றியது. ஏன் சுற்றாது? பட்டாளத்தில் கொடுத்த உடுப்பு எங்க வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் சிக்கென்று பொருந்தும், ஒரு விரல்கூடப் பெருக்கவில்லை என்று அவள் சொல்லாத இடம் கிடையாது. காய்கறிக் கடையில் சொல்லியிருக்கிறாள், டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவளிடமும் சொல்லியிருக்கிறாள். என் சமையல் அப்படி, அளவா வச்சிருக்கேன் என்று சேர்த்துக்கொள்வாள். அணிவகுப்பு நாளில் அவர் விறைப்பாக நடந்து வரும்போது, தானே தைத்துப் போட்ட மாதிரி பூரித்துப் போவாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே! பெருத்துட்டேன்னு சொன்னா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்?"

"நீங்க ஊர் பூரா பெருமையாச் சொல்லிட்டிருக்கீங்களாம். அதைப் பொய்யாக்க வேணாம்னார். 'அவளுக்கு அதுல ஒரு சந்தோஷம், கெடுக்கக் கூடாது'ன்னார்."

வேறொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் கண் கலங்கி, தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நம் பட்டாளத்தம்மாவை உங்களுக்குத் தெரியாதா?

"என் சந்தோஷத்தைப் பத்தி என் புருஷன் உங்கிட்ட வந்து பேசுவாரோ?"

டெய்லர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"சொல்லு. எங்கிட்டப் பேசாத மனுஷன் உங்கிட்ட மட்டும் எப்படிப் பேசினாரு? என்ன மருந்து வச்சே?"

"மருந்தும் இல்ல மாயமும் இல்ல. நடுவுல இந்தப் பலகை இருந்துச்சு, அவ்வளவுதான். கம்பி சுத்தும்போது வாய் திறக்க மாட்டார். பழைய கம்பியைப் பிரிக்க உக்காந்தார்னா மெள்ள ஆரம்பிப்பார். நான் தைச்சுக்கிட்டே கேப்பேன். அவர் முகத்தை நான் பாக்க முடியாது, என் முகத்தை அவர் பாக்க முடியாது. முகத்தைப் பாத்தா அவருக்குப் பேச்சு வராதாம் அக்கா. அவரே சொன்னார். அதிலயும் உங்க முகத்தைப் பாத்தா சுத்தமா வராதாம்."

"ஏன், என் முகத்துக்கு என்ன கேடு?"

"தெரியல. நான் கேக்கல."

நிமிர்ந்து பார்த்தாள் பட்டாளத்தம்மா. அந்த 'கேக்கல'வில் ஏதோ ஒன்று நறுக்கென்று இருந்தது. ஆனால் அதை நின்று யோசிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

"இன்னிக்கு மேடையில நீ பேசக் கூடாது."

"சரி அக்கா."

இவ்வளவு சுலபமாகச் சரி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. கத்துவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. "நான்தான் பேசுவேன்" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு, உடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. இவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்காமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். மேடையில் அவர் படம், பக்கத்தில் உடுப்பு. கைகளை உடம்போடு ஒட்டி மாட்டியிருந்ததால் ஒட்டுத்துணி யாருக்கும் தெரியவில்லை. அதை மகள்தான் பார்த்துச் சரி செய்தாள். பட்டாளத்தம்மாவைக் கேட்காமலேயே செய்தாள்.

முதலில் ராணுவ நண்பர் வந்தார். கைத்தடி ஊன்றியிருந்தாலும் குரல் கணீரென்று இருந்தது.

"எங்க முகாம்ல ராத்திரியானா இவன் பாட்டுதான். பாடுடான்னு சொல்ல வேண்டியதே இல்ல, அவனே ஆரம்பிச்சிடுவான். குளிர்ல பல்லு கிட்டிப் போய்க் கிடக்கிறவனெல்லாம் எந்திரிச்சு உக்காந்து கேப்பான்."

பாடுவாரா? பட்டாளத்தம்மா திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் 'நான்தான் சொன்னேனே' என்று புருவத்தைத் தூக்கினாள்.

அடுத்து பால் பண்ணைக்காரர். "என் பண்ணையில மோட்டார் எரிஞ்சு போய் மாடெல்லாம் தண்ணியில்லாமக் கத்துது. இவர் வந்தாரு. மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு விடிய விடிய உக்காந்தாரு. வேலையெல்லாம் முடிஞ்சு தண்ணி பாய்ஞ்சப்புறம் ஒரு கன்னுக்குட்டி கழுத்தைக் கட்டிக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டே இருந்தாரு. நான் தூரமா நின்னு பாத்தேன்."

சபை சிரித்தது. பட்டாளத்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்றுக்குட்டிக்குக்கூடக் கிடைத்திருக்கிறது! முகாமில் குளிரில் கிடந்தவனுக்குக் கிடைத்திருக்கிறது, கன்றுக்குட்டிக்குக் கிடைத்திருக்கிறது, தையல் கடைப் பலகைக்குக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொருவர் பேசப் பேச அவர் பெரிதாகிக்கொண்டே போனார், அவளுடைய பங்கு சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"அடுத்து நம்ம டெய்லரம்மா" என்றார் செயலாளர்.

கடைசி வரிசையிலிருந்து டெய்லர் எழுந்தாள். "எனக்குத் தொண்டை சரியில்ல. அக்கா பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சபையில் ஒரு சலசலப்பு. ஐயோ, அவங்க பேசலையா என்று பின்னால் யாரோ சொன்னது பட்டாளத்தம்மாவின் காதில் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டுதான் மேடை ஏறினாள்.

மைக்கைப் பிடித்தாள். அத்தனை முகங்கள்.

"எங்க வீட்டுக்காரர் வீட்டுல பேச மாட்டார்" என்றாள். "நீங்கல்லாம் இவ்வளவு நேரம் சொன்னதுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. பாடுவாராம்! நான் கேட்டதில்ல. நீங்க சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்பவும் எரியுது."

சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது.

"ஆனா எனக்கும் ஒண்ணு தெரியும். உங்க யாருக்கும் தெரியாதது."

சொல்லத்தான் நினைத்தாள். இடி இடிக்கிற இரவுகளில் அவர் தூக்கத்திலிருந்து எழுந்து தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். கையும் காலும் நடுங்கும். முதல் தடவை பயந்துபோய் என்ன என்று கேட்டாள், பதில் இல்லை. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அவளும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவர் தோள் அவள் தோளில் முழுப் பாரத்தோடு சாயும். மழை விட்டதும் இருவரும் எழுந்து படுத்துக்கொள்வார்கள். காலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பாரம் அவள் தோளுக்கு மட்டும்தான் தெரியும்.

இதைச் சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கப் போகும். பால் பண்ணையில் பேசுவார்கள், சைக்கிள் கடையில் பேசுவார்கள். தையல்காரியின் காதுக்கும் இப்போதே போய்விடும். அவளிடம் ஏற்கெனவே இருப்பது போதாதா?

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றாள் பட்டாளத்தம்மா. "அது என்னோடது."

மைக்கைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். கை தட்டுவதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. ராணுவ நண்பர் மட்டும் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள்.

கூட்டம் கலைந்தது. வந்தவர்கள் கும்பிட்டுவிட்டும் கையைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். நாத்தனார், "என்ன அண்ணி, நாலு வார்த்தை நல்லதாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்துவிட்டுப் படத்தை எடுக்க மேடைக்குப் போனாள்.

பட்டாளத்தம்மா கடைசி வரிசைக்கு நடந்தாள். டெய்லர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகளைக் கோத்திருந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் பட்டாளத்தம்மா.

"எல்லாரும் போயாச்சு. இப்ப சொல்லு."

"என்ன அக்கா?"

"அவர் உங்கிட்டப் பேசினதெல்லாம். ஒண்ணு விடாம. எனக்கு மட்டும்."

காலையிலிருந்து கேட்டதற்கெல்லாம் சரி சரி என்றவள் இப்போது தலையை ஆட்டினாள். "மாட்டேன்."

"என்னது?"

"உடுப்பு உங்களோடது, குடுத்துட்டேன். பேசக் கூடாதுன்னீங்க, பேசல. ஆனா அவர் எங்கிட்டச் சொன்னது எங்கிட்டச் சொன்னதுதான் அக்கா. அதைக் குடுக்க மாட்டேன்." குரல் உடைந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. "கடை சாத்தின உடனே எப்படி ஓடுவார் தெரியுமா வீட்டுக்கு? பாதி வாக்கியத்துல இருப்பார். மணியைப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயிடுவார். வரேன்னுகூடச் சொல்ல மாட்டார். பேசாம உக்காந்திருக்கிறதுக்கு அப்படி ஓடுவார். நான் இந்தப் பக்கம் உக்காந்து விளக்கை அணைப்பேன். வயிறு உங்களுக்கு மட்டும்தான் எரியுமா?"

பட்டாளத்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து பார்த்த முகம்தான். இப்போதுதான் பார்த்தாள்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மேடையில சொல்லாம விட்டீங்களே. அது என்ன?"

"ஏன், உனக்கு எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற மூஞ்சியா இது? நீ முதல்ல சொல்லு."

"நீங்க முதல்ல."

மண்டபத்துக்காரர் முன்வரிசையிலிருந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு வந்தார். மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வாசலில் மகள் உடுப்பைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வண்டி வந்தாச்சு. வண்டியில உக்காந்து நம்ம அத்தை வேற சத்தம் போடறாங்க. போலாமா?"

பட்டாளத்தம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டெய்லரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நீங்க போங்க. எனக்கு இங்கே வேலை இருக்கு."